தரங்கம்பாடியில் அரை நாள்

என் சின்ன நாத்தனார் சென்னையில் இருக்கிறாள். 2023-ஆம் வருஷம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் விட்டார்களே, அதில் போய் வந்தவள். சாப்பாடு, தூக்கம், ஆட்டம், பாட்டு எல்லாம் கப்பலிலேயே. ஒரு துறைமுகத்தில் நிறுத்தி, "ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இத்தனை மணிக்குள் வந்துவிடுங்கள்" என்று இறக்கி விடுவார்களாம். "அண்ணி, கப்பல்ல தின்னது, ஆடினது எல்லாம் மறந்து போச்சு. அந்த நாலு மணி நேரம்தான் மனசுல நிக்குது" என்பாள் அடிக்கடி.

நமக்குக் கப்பல் எங்கே? டெம்போ டிராவலர் வேன்தான். ஆனால் அதே மாதிரி நாலு மணி நேரம் எனக்கும் கிடைத்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் முள்ளுக்குறிச்சி. கொல்லிமலை அடிவாரம். வாசலில் நின்றால் மலை. மஞ்சளும் மரவள்ளிக் கிழங்கும்தான் எங்களுக்குச் சோறு போடுவது. கடல் என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத ஒரு வார்த்தை. இருபது வருஷமாக எங்கள் அடுப்பில் கடல் மீன் ஏறியதில்லை. ஏரி மீன், ஆற்று மீன் உண்டு. கருவாடு விற்கிற அம்மாள் கூட எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவாள். காரணம் அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

2024 டிசம்பரில் என் மாமனாருக்கு எழுபது வயது பூர்த்தி. பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் அபிராமி சந்நிதியில் செய்ய வேண்டும் என்பது என் வீட்டுக்காரருக்கும் நாத்தனார்களுக்கும் ஆசை. தேதி பார்த்ததில் டிசம்பர் 25, புதன்கிழமை அமைந்தது. எனக்குத் திக்கென்றது. அதற்கு மறுநாள் என்ன நாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அத்தையும் திறக்கவில்லை.

இருபத்து நாலாம் தேதி கிளம்பி, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று போய்ச் சேர்ந்தோம். மறுநாள் விடியற்காலையில் ஹோமம், கலச அபிஷேகம், திரும்ப ஒரு மாங்கல்யம். அறுபத்தைந்து வயதில் அத்தை கழுத்தில் மாமா தாலி கட்டும்போது, அத்தை வெட்கப்பட்டதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பத்தரை மணிக்குச் சாப்பாடும் முடிந்தது.

அப்போதுதான் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். இராத்திரியெல்லாம் ஓட்டியிருக்கிறார். மறுபடி இராத்திரி ஓட்ட வேண்டும். நாலு மணி வரை தூங்கினால்தான் ஆகும் என்றார். நியாயம்தானே? தூக்கக் கலக்கத்தில் ஓட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் தங்கியிருந்த விடுதி அறையைப் பதினொன்றுக்குக் காலி செய்தாக வேண்டும். "பத்து கிலோமீட்டர் கூட இல்லீங்க, தரங்கம்பாடி. மர நிழல்ல வண்டியப் போட்டுத் தூங்கறேன். நீங்க ஊரைப் பாருங்க. பழைய கோட்டை இருக்கு" என்றார் டிரைவர். கோட்டை என்றாரே தவிரக் கடல் என்று சொல்லவில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

இனி அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது 2000-ஆம் வருஷம். நாலு வருஷத்தில் மூன்று தடவை உண்டாகி, மூன்று தடவையும் மூன்று மாதம் தாண்டாமல் கரைந்து போனது. ஊர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு ஒரு தங்கை, எங்களுக்கெல்லாம் சின்னத்தை. இரண்டு தெரு தள்ளி இருந்தார். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மூன்றாவது தடவை நான் சுருண்டு படுத்திருந்தபோது வெந்தயக் களி கிண்டி வந்து ஊட்டி விட்டவர் அவர்தான். "வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கிட்டேன் கண்ணு. உம் பேருல தொட்டில் கட்டிட்டு வர்றேன். அடுத்த வருஷம் இந்நேரம் உன் மடி நிறைஞ்சிருக்கும்" என்றார். எங்கள் பக்கம் சாமிக்குச் சாதி மதம் பார்க்கிறதில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாத வீடு குறைவு. நான் மஞ்சள் துணியில் ஐம்பத்தொரு ரூபாய் முடிந்து கொடுத்தேன். 2004 டிசம்பர் 24-ஆம் தேதி, ஊர்ப் பெண்கள் சேர்ந்து பிடித்த பஸ்ஸில் போனார்.

மறுநாள் கிறிஸ்துமஸ். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலையில் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்து, இரண்டரை மணி நேரத்தில் நம் கரைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அதில் ஆறாயிரத்துக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். குளித்துவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போன சின்னத்தை அந்த எண்ணிக்கையில் ஒருவராகிப் போனார். என் வீட்டுக்காரரும் சித்தப்பாவும் நாலு நாள் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். குழி வெட்டி மொத்தமாகப் புதைத்த இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்தார்கள், அவ்வளவுதான்.

அத்தை ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பாரம். "உனக்காகப் போய்த்தானே எந்தங்கச்சி போனா" என்று ஒரு தடவை கத்தியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். இருபது வருஷம் ஒரே அடுப்படியில் புழங்கினோம். அத்தை சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

2006-இல் பெரியவள் பிறந்தாள். நடுவில் சேலத்தில் ஒரு டாக்டரம்மாள் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்று எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்தது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அதுதான் வைத்தியம். முதல் தடவை கரைந்தபோதே யாராவது இந்தப் பரிசோதனையைச் சொல்லியிருந்தால்? இளம் தாய்மார்களுக்குச் சொல்கிறேன், குழந்தை தங்கவில்லையென்றால் சாமியையும் கும்பிடுங்கள், டாக்டரிடம் தைராய்டையும் கேளுங்கள். சின்னத்தையின் தொட்டிலா, மாத்திரையா என்று பெரியவளைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். அதற்குப் பதில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வேன் தரங்கம்பாடிக்குள் ஒரு பழைய வாசல் வழியாக நுழைந்தது. வெள்ளை வெளேரென்று வளைவு. 1792-இல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. வேறு ஊருக்குள், ஏன், வேறு தேசத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அகலமான தெரு, மஞ்சளும் வெள்ளையுமாகப் பழைய பங்களாக்கள். சர்ச்சில் ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பட்டுப் புடவை, தலையில் ஊதா டிசம்பர் பூவும் கனகாம்பரமும். வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. "அட, நம்மூர்ப் பொங்கல் மாதிரியே இருக்குதே" என்றார் மாமா.

மாமா, நாத்தனார்கள், என் வீட்டுக்காரர் எல்லோரும் நிழலில் ஜமுக்காளம் விரித்துச் சாய்ந்துவிட்டார்கள். இந்த ஆண்களுக்கு எங்கே போனாலும் தூக்கம்தான் சுற்றுலா. நானும் பெரியவளும் கிளம்பினோம். "நானும் வர்றேன்" என்று அத்தை எழுந்தார். முழங்கால் வலிக்காரர். வேண்டாமே என்றால் கேட்கவில்லை.

பெரியவள் கைபேசியில் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு டென்மார்க் தேசத்தார் ஒப்பந்தம் போட்டு வந்து இறங்கியிருக்கிறார்கள். இந்தச் சின்ன ஊருக்கு வருஷக் குத்தகை 3,111 ரூபாய். டேனிஷ் கோட்டையும் அப்போது கட்டியதுதான். 1845-இல் வியாபாரம் படுத்துப்போய், வங்காளத்தில் இருந்த இடத்தையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சத்துக்கு வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம். எதற்கு வந்தார்கள் என்றால் துணிக்கும் மிளகுக்கும். கோட்டைக்குக் கீழே அறை அறையாக மிளகு வைத்திருந்தார்களாம். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொளகுக்கா இத்தனை பெரிய கோட்டை? மலை மேல நம்ம பங்காளி வீட்டுல மரத்துக்கு மரம் ஏத்தி உட்டிருக்கான். ஓட்டு வீடு கூடக் கட்ட முடியல."

புது எருசலேம் சர்ச் வாசலில் நின்றோம். 1718-இல் கட்டியது. அதைக் கட்டிய சீகன்பால்க் பாதிரியார் 1706-இல் இந்தக் கரையில் வந்து இறங்கும்போது இருபத்து நாலு வயது கூட நிறையவில்லை. ஏழு மாதத்துக்கு மேல் கப்பலில் வந்திருக்கிறார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டாராம். அச்சு இயந்திரம் வந்தது, ஆனால் கூட வந்த எழுத்துக்கள் பெரியவையாக இருந்து காகிதத்தைத் தின்றன. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகட்டை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள் என்கிறார்கள். காலி டப்பாவைத் தூக்கிப் போடாத நம்மைப் போன்ற ஒருத்தி பக்கத்தில் இருந்து யோசனை சொல்லியிருப்பாளோ என்னவோ! 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. 1707-லேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார் என்று படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முன்னூறு வருஷத்துக்கு முந்தி! எனக்குப் பதினோராம் வகுப்புக்கு ராசிபுரம் போக பஸ் பாஸ் கேட்டதற்கு, "படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறே" என்று எங்கள் அப்பா கேட்டது 1996-இல். பாதிரியார் முப்பத்தாறு வயதில் இறந்து அந்தச் சர்ச்சுக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்.

எங்களைப் பார்த்துவிட்டு எதிர்த் திண்ணையில் இருந்த அம்மாள் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். "வெளியூரா? வாங்க, நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நிக்கக் கூடாது" என்று உள்ளே போய்த் தட்டு நிறைய அச்சு முறுக்கும் கேக்கும் கொண்டு வந்து வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை அடிவாரம் என்றதும், "பிராண்டு அம்மா இருந்த மலையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மலையைப் பற்றிக் கடற்கரையில் ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறதே!

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "நான் சின்னப் புள்ளையில பாத்திருக்கேனுங்க. எலும்பும் தோலுமா, மட்டக் குதிரை மேல குந்திக்கிட்டு வருவாங்க" என்றார். இங்கிலாந்திலிருந்து வந்த ஈவ்லின் பிராண்டைத்தான் சொல்கிறார். கணவர் ஜெஸ்ஸி பிராண்டு 1929-இல் மலைக் காய்ச்சலில் இறந்தபின்னும் எங்கள் மலைகளை விடாமல் சுற்றி வைத்தியம் பார்த்தவர். 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் காலமாகி, கணவர் பக்கத்திலேயே கொல்லிமலையில் அடக்கமானார். அந்நாளில் நரம்புச் சிலந்தி என்று ஒரு வியாதி உண்டு. காலில் கொப்புளம் வந்து நூல் மாதிரிப் புழு வெளியே வரும். குடிதண்ணீரில் இருக்கும் பொடிப் பூச்சி மூலமாகப் பரவுவது. தண்ணீரைத் துணியில் வடிகட்டினாலே போதும், வராது. வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிச் சொல்லியே மலையிலிருந்து ஒழித்தார்கள். இன்றைக்கும் அத்தை குடத்து வாயில் மடித்த வெள்ளைத் துணி கட்டாமல் தண்ணீர் பிடிக்க விடமாட்டார். ஏனென்று கேட்டால், "அந்தப் பாட்டி வந்து திட்டும்" என்பார். நான் இத்தனை நாள் ஏதோ பேய்க்கதை என்று நினைத்திருந்தேன்!

அச்சு முறுக்கு அப்படியே உதிர்ந்தது. எனக்கு எப்போதும் மாவு அச்சை விட்டுக் கழலாது. அந்த அம்மாள் சொன்ன பக்குவத்தை உங்களுக்கும் சொல்கிறேன். அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகக் காய வைக்க வேண்டும். பிறகு மாவில் முக்கால் பங்குதான் முங்க வேண்டும். மேல் விளிம்பில் மாவு ஏறிவிட்டால் கழலவே கழலாது. புது அச்சென்றால் இரண்டு நாள் எண்ணெயில் ஊற விடணும். மாவுக்குத் தேங்காய்ப் பால் முதல் பால்தான். தண்ணீர் ஊற்றி நீட்டினால் முறுக்கு எண்ணெய் குடிக்கும்.

விடைபெற்றுக்கொண்டு நடந்தோம். தெரு முடிந்த இடத்தில் வெளி. ஒரு பக்கம் வெளிர் நிறத்தில் கோட்டை. எதிரே அது. அத்தை நின்றுவிட்டார்.

மேகம் மூடிக் கடல் சாம்பல் நிறமாக இருந்தது. மார்கழிக் கடல் அமைதியாக இருக்காது. கரையோரம் கொட்டியிருந்த கருங்கல் மேல் அறைந்து அறைந்து போனது. நான் பேச்சை மாற்றுவதற்காக, பக்கத்தில் ஒருவர் பிள்ளைகளிடம் "இங்கே ஓசோன் காற்று, மூச்சை நல்லா இழுங்க, நுரையீரலுக்கு நல்லது" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அது சரியில்லை. ஓசோன் ஆகாயத்தில் உயரே இருந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு. மூச்சுக் காற்றில் கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். கடல் காற்றுக்கு அந்தப் பெயர் இல்லாமலே சுகம் உண்டு. இப்படி நான் அளந்துகொண்டிருந்தேன். அத்தை காதில் ஒன்றும் விழவில்லை.

கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியர் காலத்தது. முன்பக்கத்தைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. பின்னால் திருப்பணி செய்து மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அங்கே கும்பிட்டுவிட்டு அத்தை படியில் உட்கார்ந்தார். பெரியவளுக்குக் கால் நனைக்க ஆசை. பதினெட்டு வயதுப் பெண், பிறந்ததிலிருந்து கடலைத் தொட்டதில்லை. "அப்பத்தா, கொஞ்சம் மட்டும்..." என்றாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. வளையல் சதையில் பதிந்து தடம் விழுந்தது. பெரியவள் வலிக்கிறது என்று சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சமர்த்து.

சற்றுத் தள்ளி மீன்காரப் பெண் ஒருத்தி தார்ப்பாயில் நெத்திலி உலர்த்தியிருந்ததை அள்ளிக்கொண்டிருந்தாள். தூறல் வருமோ என்ற அவசரம். பெரியவள் ஓடிப்போய் ஒத்தாசை செய்தாள். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. மறுநாள் அவர்கள் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்களாம். "நாளைக்கு இருபது வருஷம் ஆகுதுங்க. பூ வாங்கியாந்து வச்சிருக்கோம்" என்றாள். பிறகு சாதாரணமாக, வெயில் மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி, "எனக்கு ரெண்டு போச்சு. பொண்ணு ஏழு வயசு, பையன் நாலு" என்றாள்.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவளே தொடர்ந்தாள். கருத்தடை செய்துகொண்டிருந்தவளாம். அந்தச் சமயத்தில் பிள்ளைகளை எல்லாம் இழந்த தாய்மார்களுக்கு, வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கிற அறுவைச் சிகிச்சைக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. இது எனக்கும் அப்போது பத்திரிகையில் படித்த ஞாபகம். எல்லோருக்கும் பலிக்கவில்லை. இவளுக்குப் பலித்தது. "2006-ல பொறந்தான். இப்ப காலேஜ்ல சேத்திருக்கு. கடலுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டேன்" என்றாள்.

"இவளும் 2006 தான்" என்றேன் நான்.

அவள் பெரியவளை நன்றாகப் பார்த்தாள். "அதுக்கப்புறம் பொறந்ததுங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் அத்தை கேட்டார். குரல் எப்படியோ இருந்தது. "ஏம்மா, தண்ணியில போறவங்களுக்கு ரொம்ப நேரம் நோகுமா?"

பெரியவள் என்னைப் பார்த்தாள். மீன்காரப் பெண் நெத்திலியை அள்ளுவதை நிறுத்தினாள். பொய்யாகவாவது இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று நான் தவித்தேன்.

"தெரியலீங்கம்மா" என்றாள். "நானும் எம்புள்ளைங்ககிட்ட அதைத்தான் கேக்கணும்னு இருக்கேன்."

அத்தை அழவில்லை. தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவளின் கையை விட்டார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"நாந்தான் போயிருக்கோணும். வேண்டுதலு நான் வெச்சது. உனக்குப் புள்ள நிக்கட்டும்னு நான் வேண்டிக்கிட்டேன். அன்னைக்குக் கிழங்கு ஏத்த லாரி வந்து நின்னுபோச்சு. ஆள் கெடைக்கல. எம்பேருக்கு நீ போயி தொட்டிலக் கட்டிட்டு வாடின்னு நாந்தான் அவளை அனுப்பினேன். உங்கிட்ட அவ வேண்டுதலுன்னு சொல்லச் சொன்னதும் நாந்தான். மாமியா செஞ்சா கடமைன்னு நெனைப்பே, சின்னத்தை செஞ்சா சந்தோசப்படுவேன்னு..."

அதற்கு மேல் வரவில்லை.

இருபது வருஷம்! நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் அத்தைக்கு ஏறக்குறைய என் இப்போதைய வயதுதான். "நானில்ல அத்தை காரணம்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்று சொன்னேன். சொன்னேனா, உளறினேனா தெரியாது. அத்தை திரும்பி, "நீயா? நீ என்ன பண்ணினே? பைத்தியக்காரி" என்றார். திட்டுகிற குரலில்தான். அந்தத் திட்டு எனக்கு எத்தனை சுகமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

பெரியவள் எப்போது எழுந்து போனாளோ, கருங்கல் இல்லாத மணல் பக்கமாக நின்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக் கணுக்கால் வரை நனைத்துக்கொண்டிருந்தாள். அத்தை பார்த்தார். கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். "போதும், ஏறி வா" என்று ஒரு தடவை சொன்னார். அவள் இன்னும் இரண்டு அலைக்கு நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வைத்திருக்கிறார்கள், இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள் என்று மீன்காரப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. "அதெல்லாம் இருக்கட்டும். கடல் வழக்கமில்லாம உள்வாங்கிச்சுன்னா வேடிக்கை பாக்காதீங்க, சங்கு பொறுக்கப் போகாதீங்க, மேட்டைப் பாத்து ஓடிடுங்க" என்று பெரியவளுக்கு அவள் சொன்ன புத்தியை இங்கேயும் எழுதி வைக்கிறேன். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அத்தை இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். "நெத்திலி எப்படிப் போடறே?"

மூன்று மணிக்கே டிரைவர் எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர், "இவ்வளவு தூரம் வந்தாச்சு. வேளாங்கண்ணிக்கும் போயிட்டு வந்துடலாமாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "அங்க வேண்டாம்" என்றார் அத்தை. தொட்டில் பாக்கி பாக்கியாகவே இருக்கிறது.

மயிலாடுதுறை தாண்டுவதற்குள் மாமா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். கழுத்தில் காலையில் போட்ட மாலை, நெற்றியில் விபூதி. "பீமரத சாந்தி பண்ணிட்டு வர்ற வண்டியில கருவாட்டு வாடை! யார் பாத்த வேலை இது?" யாரும் பேசவில்லை. நாத்தனார் என்னைப் பார்த்தாள். "நாந்தேன்" என்றார் அத்தை, ஜன்னல் பக்கம் திரும்பியபடி. மாமா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் இருபத்தாறாம் தேதி. வருஷா வருஷம் அந்த நாளில் சின்னத்தை படத்துக்கு முன்னால் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம் வைத்துப் படைப்போம். சின்னத்தைக்கு உயிர் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார் அத்தை. மார்கழி என்றும் பார்க்கவில்லை. தலையைக் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தடவை அலசி, மணல் போக மூன்றாம் தடவையும் அலசி எடுத்தார். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மொச்சை, புளி கொஞ்சம் தூக்கலாக. கருவாடு உப்புக் கரிக்கும், உப்பைக் கடைசியில் போடு என்றார். நான் அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்தேன். கருவாடு விற்கிற அம்மாள் வழக்கம்போல எங்கள் வாசலைத் தாண்டிப் போனவள், வாசனை பிடித்துத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.